வெப்பப்படக் கருவிக்கு இருட்டு என்று ஒன்று இல்லை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் ரயில் பாதை மதுக்கரையைத் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காட்டுக்குள் நுழைகிறது. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதி, யானைகள் காலங்காலமாகக் கடந்துபோகும் வழி. 2021 நவம்பரில் நவக்கரை அருகே இரவு நேரத்தில் விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை அந்தப் பாதையோரம் 12 கண்காணிப்புக் கோபுரங்களை அமைத்து, அவற்றில் வழக்கமான கேமராக்களோடு வெப்பப்படக் கருவிகளையும் பொருத்தி, யானைகள் தண்டவாளத்தை நெருங்கினால் முன்கூட்டியே எச்சரிக்கை போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது.

தெர்மல் கேமரா என்று பரவலாக அழைக்கப்படும் இந்தக் கருவி இருட்டிலும் பார்க்கும் என்று செய்திகள் எழுதுகின்றன. அது பொய்யல்ல, ஆனால் நடப்பதைத் தலைகீழாகச் சொல்வது. அந்தக் கருவி பார்க்கும் அலைநீளங்களில் இருட்டு என்பதே கிடையாது. யானை, பாறை, சரளைக்கல், மரம், காற்று, கேமராவின் லென்சு, அதன் உட்சுவர் ஆகிய அனைத்தும் இரவும் பகலும் ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன. எனவே அதை வடிவமைப்பவருக்கு உள்ள சிக்கல் ஒளிப் பற்றாக்குறை அன்று. ஏறக்குறைய ஒரே பிரகாசத்தோடு எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து கொட்டும் ஒளியில், ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஏற்றத்தாழ்வைப் பிரித்தெடுப்பதே அவருடைய சிக்கல். இந்தக் கருவியின் விசித்திரமான உறுப்புகள் ஒவ்வொன்றும், அதன் வரம்புகளில் பெரும்பாலானவையும், இந்த ஒரு நிலையிலிருந்தே பிறக்கின்றன.

இரவுப் பார்வை என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கருவிகள் புழங்குவதால் அவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் சிசிடிவி கேமரா, தன்னைச் சுற்றியுள்ள சிறு எல்இடி விளக்குகளிலிருந்து 850 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. நம் கண்ணுக்கு அந்த ஒளி ஏறத்தாழத் தெரியாது. சிலிக்கான் சில்லுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மானியரும் அமெரிக்கரும் துப்பாக்கிகளில் பொருத்திய அகச்சிவப்புத் தொலைநோக்கிகளும் இவ்வகையே. அவற்றின் குறை வெளிப்படையானது: எதிரியிடமும் அதே கருவி இருந்தால், விளக்கைப் பிடித்திருப்பவன்தான் முதலில் தெரிவான். இரண்டாவது வகை, பச்சை நிறப் படத்தால் நமக்குப் பழக்கமான ஒளிபெருக்கிக் குழாய். நட்சத்திர ஒளியின் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ஒரு மெல்லிய படலத்தில் விழுந்து எலெக்ட்ரான்களை விடுவிக்க, அவை நுண்துளைகள் நிறைந்த தகட்டின் வழியே பாய்ந்து பல்லாயிரம் மடங்காகப் பெருகி, ஒளிரும் திரையில் மோதுகின்றன. இவ்விரண்டு வகைகளும் பார்ப்பது பொருளின் மேல் பட்டுத் திரும்பிய ஒளியைத்தான். சன்னல்களை முழுவதும் அடைத்த அறையில் ஒளிபெருக்கியால் எதையும் காட்ட முடியாது, ஏனெனில் அங்கே பெருக்குவதற்கு எதுவும் இல்லை. மூன்றாவது வகையான வெப்பப்படக் கருவி மட்டுமே, பொருள் தானாகவே வெளியிடும் கதிரைப் பார்க்கிறது.

அந்தக் கதிர் இருப்பதை முதலில் உணர்ந்தவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே வானியலாளர், 1800இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்பால் எந்த நிறமும் தெரியாத இடத்தில் வெப்பநிலை மேலும் ஏறுவதைக் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளி இருக்கிறது என்பது அன்று தெரிந்தது. சூடான பொருள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிரை வெளியிடும் என்ற கணக்கு முழுமையாக வந்துசேர மேலும் 100 ஆண்டுகள் ஆயின. 1893இல் வில்ஹெல்ம் வீன் அக்கதிர்வீச்சின் உச்சம் எங்கே விழும் என்பதற்கான விதியைத் தந்தார். 1900இல் மாக்ஸ் பிளாங்க் முழு வளைவையும் தந்தார், அதற்காக ஆற்றல் துண்டுதுண்டாகத்தான் பரிமாறப்படுகிறது என்று கொள்ள வேண்டியிருந்தது. குவாண்டம் இயற்பியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீனின் விதி எளிமையானது. 2898 என்ற எண்ணைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் உச்சத்தின் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். சூரியனின் மேற்பரப்பு 5772 கெல்வின், உச்சம் 0.5 மைக்ரோமீட்டர், அதாவது நம் கண்கள் பார்க்கும் எல்லைக்குள். மனிதத் தோலின் மேற்பரப்பு 33 டிகிரி செல்சியஸ், அதாவது 306 கெல்வின். உச்சம் ஏறத்தாழ 9.5 மைக்ரோமீட்டர், கண் பார்க்கும் ஒளியைவிடச் சுமார் 20 மடங்கு நீண்டது. நம் உடலும் விளக்கு போல ஒளிர்கிறது, ஆனால் நம்மால் பார்க்க முடியாத பகுதியில். பிளாங்கின் சூத்திரத்தில் எண்களை இட்டுப் பார்த்தால், ஒரு சதுர மீட்டர் தோல் கண்ணுக்குப் புலப்படும் எல்லைக்குள் வெளியிடும் வெப்பக்கதிர் ஃபோட்டான்கள் ஒரு மணி நேரத்துக்கு ஓரிரண்டு என்ற அளவில்தான் வரும். அதே தோல் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான பட்டையில் ஒரே நொடியில் வெளியிடுபவற்றை எழுத 1க்குப் பின் 22 சுழியங்கள் வேண்டும். இயற்பியலில் இவ்வளவு செங்குத்தான சரிவுகளை அடிக்கடி காண முடியாது.

ஆற்றலாகப் பார்த்தாலும் இது சிறிய அளவு அன்று. 306 கெல்வினில் உள்ள தோல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 497 வாட் கதிரை வெளியிடுகிறது. 1.8 சதுர மீட்டர் பரப்புள்ள உடல் என்றால் 890 வாட்டை நெருங்கும். அத்தனையையும் இழந்துகொண்டிருந்தால் நாம் விரைவிலேயே விறைத்துப் போவோம். போகாததற்குக் காரணம், 25 டிகிரியில் உள்ள சுற்றுப்புறமும் நம்மை நோக்கிச் சுமார் 800 வாட்டைத் திருப்பி அனுப்புவதுதான். வெப்பப்படக் கருவியின் அடிப்படைச் சங்கடம் இந்த இரண்டு எண்களிலேயே அடங்கியிருக்கிறது. மனிதனுக்கும் அவன் பின்னாலுள்ள சுவருக்கும் எட்டு டிகிரி வேறுபாடு இருந்தும், பிரகாசத்தில் வேறுபாடு பத்து விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. ஒரு டிகிரி வேறுபாடு என்றால், 10 மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 1.6 விழுக்காடு. இன்றைய நல்ல கருவிகள் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் காட்டுகின்றன. அப்போது அவை பிரித்தறிவது, வந்துசேரும் மொத்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்தை.

இந்தக் கதிர் பொருளிலிருந்து கருவியை வந்தடைவதற்கு முன் காற்றைக் கடக்க வேண்டும். காற்று நம் கண்ணுக்குத் தெளிந்திருப்பதால் எல்லா ஒளிக்கும் அப்படித்தான் என்று எண்ணக் கூடாது. 5 முதல் 8 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதியை நீராவி பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது, 4.3 மைக்ரோமீட்டருக்கு அருகிலும் 15 மைக்ரோமீட்டரைச் சுற்றியும் கரியமில வாயு உறிஞ்சுகிறது. இவற்றுக்கு நடுவே இரண்டு சாளரங்கள் திறந்திருக்கின்றன: ஒன்று 3 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை, மற்றொன்று 8 முதல் 14 வரை. அறை வெப்பநிலையில் உள்ள பொருள் தன் கதிர்வீச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டாவது சாளரத்தில் வெளியிடுகிறது. முதல் சாளரத்தில் 1.3 விழுக்காடு மட்டுமே. ஆனால் குறுகிய அலைநீளத்தில் வெப்பநிலை மாற்றத்துக்கான எதிர்வினை கூர்மையானது. 4 மைக்ரோமீட்டரில் ஒரு டிகிரிக்கு 4 விழுக்காடு மாறும். ஒளி குறைவு, ஆனால் வேறுபாடு அதிகம். எஞ்சின், புகைபோக்கி போன்ற கொதிசூடான பொருள்களைத் தேடுவோருக்கும் மிகத் தொலைவில் பார்க்க விரும்புவோருக்கும் முதல் சாளரம் உதவுகிறது. மனிதர், விலங்கு, கட்டடம் ஆகியவற்றைப் பார்க்க இரண்டாவது சாளரமே போதுமானதும் மலிவானதுமாகும்.

பொருள்கள் அனைத்தும் ஒரே வெப்பநிலையில் ஒரே அளவில் ஒளிர்வதில்லை. ஒரு பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிரை உறிஞ்சுமோ அவ்வளவு நன்றாகவே வெளியிடும் என்பதை 1859இல் குஸ்தாவ் கிர்க்காஃப் காட்டினார். முழுமையாக உறிஞ்சும் கற்பனைப் பொருளுக்கு உமிழ்திறன் 1 என்று வைத்தால், தோலுக்கு 0.98, நீருக்கு 0.96 அளவில் வரும். மெருகேற்றிய அலுமினியத்துக்கு 0.05 அளவில்தான். வெந்நீர் நிரம்பிய பளபளப்பான அலுமினியப் பாத்திரத்தை இந்தக் கருவியால் பார்த்தால் அது குளிர்ந்ததாகத் தோன்றும், உற்றுப் பார்த்தால் அதில் நம்முடைய முகம் தெரியும். பாத்திரம் தன் கதிரை அதிகம் வெளியிடாமல், நம் கதிரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ரயில் தண்டவாளத்தின் மேற்புறம் சக்கரங்கள் உரசி மின்னுவதால், தெளிந்த இரவில் அது குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்துக் கருங்கோடாகத் தெரியும். துருப்பிடித்த பக்கவாட்டுப் பகுதி அதே வெப்பநிலையில் இருந்தும் வெளிறித் தெரியும். தோலைப் பொறுத்தவரை ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. கண்ணுக்கு வெள்ளையாகவும் கறுப்பாகவும் தெரியும் எல்லாத் தோல்களும் இந்த அலைநீளத்தில் ஏறத்தாழ முழுக் கறுப்பு. நிறத்தைத் தரும் மெலனினுக்கு இங்கே வேலையே இல்லை.

இனி, இந்தக் கதிரை எதைக்கொண்டு பிடிப்பது? கைபேசிக் கேமராவில் உள்ள சிலிக்கான், ஃபோட்டான் ஒன்று தன்மேல் விழும்போது ஓர் எலெக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவித்து ஒளியை உணர்கிறது. அதற்குக் குறைந்தது 1.12 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 10 மைக்ரோமீட்டர் ஃபோட்டானிடம் இருப்பதோ 0.124 எலெக்ட்ரான் வோல்ட். சிலிக்கானுக்கு அப்படியொரு ஃபோட்டான் வந்ததே தெரியாது. எனவே எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான அந்த ஆற்றல், அதாவது ஆற்றல் இடைவெளி, மிகச் சிறியதாக உள்ள குறைகடத்தி தேவைப்பட்டது. 1959இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த அரச ரேடார் ஆய்வு நிறுவனத்தில் பாதரசம், காட்மியம், டெலூரியம் மூன்றையும் கலந்த ஒரு சேர்மத்தை உருவாக்கினார்கள். காட்மியத்தின் பங்கைக் கூட்டியும் குறைத்தும் எந்த அலைநீளம் வரை அது பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம். இன்றுவரை உயர்தர வெப்பப்படக் கருவிகளின் மூலப்பொருள்களில் முதன்மையானது இதுதான். 3 முதல் 5 மைக்ரோமீட்டர் சாளரத்துக்கு இண்டியம் ஆன்டிமனைடும் பயன்படுகிறது.

சிறிய இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. அறை வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வே சராசரியாக 0.026 எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான ஆற்றலைக் கொண்டிருக்கிறது. அந்தச் சராசரியைப் பல மடங்கு தாண்டும் அதிர்வுகளும் அவ்வப்போது நிகழும். 1.12 எலெக்ட்ரான் வோல்ட் மதிலை அவற்றால் அநேகமாகத் தாண்ட முடியாது, 0.12 மதிலை எளிதாகத் தாண்டும். அப்போது ஃபோட்டான் எதுவும் விழாமலேயே எலெக்ட்ரான்கள் விடுபட்டுக்கொண்டிருக்கும், உண்மைச் செய்தி அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். இதற்கு உள்ள ஒரே வழி குளிர்விப்பதுதான். திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வின் அளவுக்கு உணர்வியை இறக்கினால் அதிர்வு நான்கில் ஒரு பங்காகிறது. அதற்காகவே இவ்வகைக் கருவிகளுக்குள் சிறிய ஸ்டெர்லிங் குளிர்விப்பான் ஓடிக்கொண்டிருக்கும். இயக்கியவுடன் படம் வராது, உணர்வி குளிர்ந்த பிறகே வரும். நகரும் உறுப்புகள் தேயும், மின்சாரம் செலவாகும், விலை ஏறும். பீரங்கி வண்டிகளும் போர்விமானங்களும் இந்த விலையைத் தாங்கின. 1991 பிப்ரவரி 26 அன்று ஈராக்கின் பாலைவனத்தில் மணற்காற்று வீசிக்கொண்டிருந்தபோது நடந்த போரில், அமெரிக்கப் பீரங்கி வண்டிகள் தம்மைப் பார்க்க முடியாத ஈராக்கிய வண்டிகளை வெப்பப்படக் கருவிகளின் வழியே பார்த்துச் சுட்டன. தீயணைப்பு வீரரோ வனக்காவலரோ கையில் வைத்துக்கொள்ளக்கூடிய கருவியாக அது அப்போது இருக்கவில்லை.

அந்தக் கருவியைச் சாத்தியமாக்கியது, ஃபோட்டானை எண்ணும் முயற்சியையே கைவிட்ட ஒரு பழைய யோசனை. அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி 1880 வாக்கில் போலோமீட்டர் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். கரி பூசிய மெல்லிய பிளாட்டினப் பட்டையின் மேல் கதிர் விழுந்தால் பட்டை சூடாகும், சூடானால் அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை அளந்தால் கதிரின் அளவு தெரியும். பின்னாளில் அவருடைய கருவி கால் மைல் தொலைவில் நின்ற பசுவின் வெப்பத்தை உணர்ந்ததாகச் சொல்லப்படுவதுண்டு. ஃபோட்டானின் தனித்தனி ஆற்றல் இங்கே ஒரு பொருட்டே அல்ல. மொத்தமாக எவ்வளவு சூடு சேர்ந்தது என்பதே கணக்கு. அதனால் குளிர்விக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

1980களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம், அரசின் இரகசிய ஒப்பந்தத்தின்கீழ், லாங்லியின் பட்டையைச் சிலிக்கான் சில்லின் மேல் ஆயிரக்கணக்கில் அடுக்கிக் காட்டியது. 1992இல் அந்த இரகசியம் நீக்கப்பட்ட பிறகு மைக்ரோபோலோமீட்டர் என்ற இந்தத் தொழில்நுட்பம் வெளியுலகுக்கு வந்தது. இன்று விற்கும் வெப்பப்படக் கருவிகளில் மிகப் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே. இதன் ஒவ்வொரு பிக்சலும் நுட்பமான ஒரு கட்டுமானம். 17 அல்லது 12 மைக்ரோமீட்டர் அகலமுள்ள, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள மெல்லிய மேடை ஒன்று, இரண்டு ஒல்லியான கால்களின் மேல் சில்லிலிருந்து சுமார் இரண்டரை மைக்ரோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த உயரம் தற்செயலானது அன்று. அது 10 மைக்ரோமீட்டர் அலையின் கால் பங்கு. மேடையை ஊடுருவித் தப்பிய கதிர், கீழேயுள்ள உலோகப் படலத்தில் பட்டுத் திரும்பும்போது மேலிருந்து வரும் அலையோடு பொருந்தி, மேடையிலேயே உறிஞ்சப்படும்படி அந்த இடைவெளி தேர்ந்தெடுக்கப்படுகிறது. மேடையின் மேல் வனேடியம் ஆக்சைடு அல்லது படிகமற்ற சிலிக்கான் பூசப்பட்டிருக்கும். அவற்றின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மாறுகிறது.

கால்கள் ஒல்லியாக இருப்பதற்கும், முழுச் சில்லும் வெற்றிடத்தில் அடைத்து மூடப்படுவதற்கும் ஒரே காரணம்தான்: மேடையில் சேர்ந்த சூடு உடனே வழிந்து ஓடிவிடக் கூடாது. சாதாரண அழுத்தத்தில் காற்று இருந்தால், இரண்டரை மைக்ரோமீட்டர் இடைவெளியைக் கடந்து சூடு கணத்தில் சில்லுக்குப் போய்விடும். இவ்வளவு பாதுகாத்தும் கிடைப்பது எவ்வளவு? எதிரே உள்ள காட்சியில் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், மேடையின் வெப்பநிலையில் ஏற்படுவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு. இருபதில் ஒரு டிகிரி வேறுபாடு என்றால் மின்தடையில் தெரியும் மாற்றம் பத்து லட்சத்தில் சில பங்குகளே. இதை நொடிக்கு 30 முறை அல்லது 60 முறை, லட்சக்கணக்கான பிக்சல்களில் அளக்க வேண்டும். கால்களை இன்னும் ஒல்லியாக்கினால் உணர்திறன் கூடும், ஆனால் சேர்ந்த சூடு வடிய நேரமாகும். வேகமாக நகரும் பொருள் படத்தில் வால் இழுக்கும். மேடையின் எடையையும் சேர்த்துக் குறைத்தால்தான் இரண்டும் வசப்படும். இந்தத் துறையின் பல ஆண்டு முன்னேற்றம் இந்த இழுபறியிலேயே அடங்கியிருக்கிறது.

இயற்கை இதே தீர்வை வெகு காலத்துக்கு முன்பே அடைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குழிவிரியன் பாம்புகளின் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே ஒரு குழி உண்டு. அதற்குள் சுமார் 15 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சவ்வு ஒன்று, இருபுறமும் காற்று இருக்க, தொங்கவிடப்பட்டிருக்கிறது. அது முழுவதும் நரம்பு நுனிகள். 1956இல் புல்லக், டிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் அந்தச் சவ்வு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் மூன்று பங்கு மாற்றத்தையும் உணரும் என்று மதிப்பிட்டார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வு, நரம்பில் உள்ள டிஆர்பிஏ1 என்ற புரதமே அந்தச் சூட்டை உணர்கிறது என்று காட்டியது. ஃபோட்டானைப் பிடிக்கும் வேதிவினை எதுவும் அங்கே இல்லை. மெல்லிய, தனித்து நிற்கும் சவ்வு சூடாவதும் அந்தச் சூட்டை நரம்பு உணர்வதும் மட்டுமே. இது முற்றிலும் போலோமீட்டரின் வழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மலபார் குழிவிரியனுக்கும் மூங்கில் குழிவிரியனுக்கும் இந்த உறுப்பு உண்டு; அதே பெயரைப் பாதி பகிர்ந்துகொள்ளும் கண்ணாடிவிரியனுக்குக் கிடையாது.

ஆனால் பாம்புக்கு இல்லாத ஒரு தொல்லை கேமராவுக்கு உண்டு. லென்சின் துளை விட்டம் அதன் குவியத் தொலைவுக்குச் சமமாக, அதாவது மிக அகலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பிக்சலின் மேல் விழும் வெப்பக்கதிரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் லென்சின் வழியே காட்சியிலிருந்து வருகிறது. எஞ்சிய ஐந்தில் நான்கு பங்கு கேமராவின் உட்சுவர்கள் வெளியிடுவது. சாதாரணக் கேமரா ஒன்றின் உட்புறம் முழுவதும் குழல்விளக்குகளை எரியவிட்டு, அதில் புகைப்படம் எடுக்க முயல்வதற்கு இது ஒப்பாகும். கேமராவின் உடல் ஒரு டிகிரி சூடேறினால், காட்சி ஒரு டிகிரி சூடேறியதைப் போல நான்கு மடங்கு மாற்றம் பிக்சலில் பதியும். போதாக்குறைக்கு, பிக்சல்கள் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. 640க்கு 512 அளவுள்ள சில்லில் இருக்கும் 3,27,680 மேடைகளின் மின்தடைகளுக்கு இடையேயான இயல்பான வேறுபாடு, அவை அளக்க வேண்டிய செய்தியைவிடப் பல மடங்கு பெரியது. திருத்தாமல் பார்த்தால் காட்சியே தெரியாது, சில்லின் குறைபாடுகள்தான் படமாகத் தெரியும்.

வெப்பப்படக் கருவியைக் கையாண்டவர்கள் அவ்வப்போது அதனுள் கேட்கும் 'டிக்' என்ற ஒலியையும், படம் ஒரு கணம் உறைந்து நிற்பதையும் கவனித்திருப்பார்கள். அது பழுது அன்று. சீரான வெப்பநிலையுள்ள சிறிய தகடு ஒன்று சில்லின் முன் வந்து மறைக்கிறது. அந்தத் தகட்டைப் பார்க்கும்போது எல்லாப் பிக்சல்களும் ஒரே மதிப்பைக் காட்ட வேண்டும் என்பதால், ஒவ்வொன்றின் விலகலையும் கருவி புதிதாகக் குறித்துக்கொண்டு, பிறகு வரும் படங்களிலிருந்து கழித்துவிடுகிறது. குளிர்விக்கும் வகைக் கருவிகள் உணர்வியைச் சுற்றிக் குளிர்ந்த கவசம் அமைத்து உட்சுவரின் ஒளியையே மறைத்துவிடுகின்றன. அவற்றுக்கு வேறொரு வினோதம் நேர்வதுண்டு: லென்சின் உட்பரப்பில் பட்டுத் திரும்பும் தன் சொந்தக் குளிர்ந்த பிம்பத்தையே உணர்வி பார்த்துவிட, படத்தின் நடுவே கருந்திட்டு ஒன்று தோன்றும். நீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கிய கிரேக்கப் புராணத்து இளைஞனின் நினைவாக, பொறியாளர்கள் அதற்கு நார்சிசஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

லென்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவியின் விலையில் கணிசமான பங்கு அதற்கே போகிறது. சன்னல் கண்ணாடி சுமார் 5 மைக்ரோமீட்டருக்கு அப்பால் கல்சுவரைப் போல ஒளிபுகாதது. எனவே கண்ணாடி லென்சு உதவாது. ஜெர்மானியம் என்ற தனிமம் 2 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை கதிரை நன்றாகக் கடத்துகிறது, நம் கண்ணுக்கோ பளபளப்பான சாம்பல்நிற உலோகமாகவே தெரிகிறது. அதன் ஒளிவிலகல் எண் 4. இது லென்சை மெல்லியதாக அமைக்க உதவினாலும், ஒவ்வொரு பரப்பிலும் 36 விழுக்காடு கதிர் திரும்பிப் போய்விடும் என்ற கணக்கையும் உடன் கொண்டுவருகிறது. பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அதுவே ஒளிபுகாததாக மாறத் தொடங்கும். ஜெர்மானியத்தின் உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அந்நாடு அதன் ஏற்றுமதிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியதால், இந்தக் கதிரைக் கடத்துவதும் அச்சில் வார்க்கக்கூடியதுமான கால்கோஜனைடு என்ற வேறு வகைக் கண்ணாடிகளின் பக்கம் தயாரிப்பாளர்களின் கவனம் மேலும் திரும்பியிருக்கிறது.

சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுக்கும் அந்தக் குணம்தான் திரைப்படங்கள் பரப்பிய ஒரு நம்பிக்கையையும் பொய்யாக்குகிறது. வெப்பப்படக் கருவியால் சுவரின் வழியே பார்க்க முடியாது. மூடிய சன்னலின் வழியே கூடப் பார்க்க முடியாது. காரின் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் அதற்குத் தெரியமாட்டார். கேமராவைப் பிடித்திருப்பவரின் மங்கலான பிம்பம்தான் அங்கே தெரியும். மாறாக, கண்ணால் ஊடுருவ முடியாத மெல்லிய கறுப்புப் பாலித்தீன் பைக்குள் இருக்கும் கை அதற்குத் தெளிவாகத் தெரியும். சுவரில் சற்று முன்பு யாரோ கைவைத்த தடம் தெரிவதுண்டு. அது கை கொடுத்துவிட்டுப் போன சூடே தவிர, சுவருக்குப் பின்னால் இருப்பது அன்று. படத்தில் காணும் மஞ்சளும் ஊதாவும் கூட உண்மை நிறங்கள் அல்ல. கருவிக்குத் தெரிவது பிரகாசம் ஒன்றே. நிறம் பூசுவது பார்ப்பவரின் வசதிக்காக. பழகியவர்களில் பலர் கறுப்பு வெள்ளையையே விரும்புகிறார்கள், அதுவே நேர்மையான படமும் என்பது என் கருத்து.

வேறுபாட்டை மட்டுமே பார்க்கும் கருவிக்கு, வேறுபாடு மறையும் வேளை குருட்டு வேளை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறையும் சரளைக்கல்லும் மாலையில் விலங்கின் தோலைவிடச் சூடாக இருக்கும். அப்போது யானை வெளிறிய பின்னணியில் கரிய உருவமாகத் தெரியும். நள்ளிரவில் பாறை குளிர்ந்துவிட, அதே யானை வெண்ணிறமாகத் தெரியும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே, அந்திக்குப் பின் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும், பொருளும் பின்னணியும் ஒரே பிரகாசத்தை அடைந்து ஒன்றில் ஒன்று கரைந்துபோகும் நேரம் உண்டு. அதிலும் யானை எளிதான இலக்கு அன்று. அதன் உடல் வெப்பநிலை 36 டிகிரி அளவில் இருந்தாலும், தடித்த தோலின் மேற்பரப்பு பெரும்பாலும் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். காதுகளில் இரத்த ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் அது சூட்டை வெளியேற்றுவதால் காதுமடல் ஒரு நேரம் ஒளிர்ந்தும் மறுநேரம் மங்கியும் தெரியும். சேற்றில் புரண்டு வந்த யானையின் படம் வேறு மாதிரி. வெப்பப்படக் கருவியோடு வழக்கமான கேமராவையும் இணைத்து வைப்பது இதனால் ஆடம்பரம் அன்று, தேவை.

மழை எல்லாப் பரப்புகளையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து படத்தை மொட்டையாக்குகிறது. புகையின் துகள்கள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. 10 மைக்ரோமீட்டர் அலை அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும், தீயணைப்பு வீரர்களுக்கு இந்தக் கருவி உதவுவது அதனால்தான். மூடுபனியின் துளிகள் அதே அலைநீளத்தை ஒத்தவை அல்லது அதைவிடப் பெரியவை. அடர்ந்த மூடுபனியில் இக்கருவிக்கும் கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இராது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்பதமும் தடைதான். 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடலோர இரவில் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். சில கிலோமீட்டர் தொலைவுக்கு 8 முதல் 14 மைக்ரோமீட்டர் சாளரம் அங்கே வெகுவாக மங்கிவிடுகிறது. 3 முதல் 5 சாளரம் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. வெப்பமண்டலக் கடற்கரைகளில் நெடுந்தொலைவு கண்காணிப்புக்குக் குளிர்விக்கும் வகைக் கருவியை வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு தொலைவில் எவ்வளவு தெரியும் என்ற கேள்விக்கு 1958இல் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஜான் ஜான்சன் ஓர் அளவுகோலைத் தந்தார். ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிய அதன் குறுக்கே ஒரு கறுப்பு வெள்ளைக் கோட்டு இணை, அதாவது இரண்டு பிக்சல்கள், போதும். அது என்ன வகை என்று அறிய நான்கு இணைகள் வேண்டும். 12 மைக்ரோமீட்டர் பிக்சலும் 50 மில்லிமீட்டர் லென்சும் உள்ள கருவியில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் 24 சென்டிமீட்டரை மறைக்கும். மூன்று மீட்டர் உயர யானை 12 பிக்சல்களில் அடங்கும்; யானை என்று சொல்லிவிடலாம். அரை மீட்டர் அகலமுள்ள மனிதர் இரண்டு பிக்சல்கள். யாரோ நிற்கிறார்கள் அல்லது ஏதோ நிற்கிறது என்பதோடு சரி.

பிக்சலைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் தெளிவு கூடும் என்பதே கடந்த முப்பது ஆண்டுகளின் வழி. 50 மைக்ரோமீட்டரிலிருந்து 25, 17, 12 என்று இறங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒளி அலை என்பதால் துளையின் விளிம்பில் அது விரியும், அலைநீளம் கூடக் கூட அதிகமாக விரியும். மிக அகன்ற துளையுள்ள லென்சும் 10 மைக்ரோமீட்டர் ஒளியை 24 மைக்ரோமீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள்தான் குவிக்கும். 12 மைக்ரோமீட்டர் பிக்சல் அந்த வட்டத்தின் பாதி. அதற்குக் கீழே போவதில் சில்லு மலிவாகவும் லென்சு சிறியதாகவும் ஆகும், படத்தில் புதிய விவரம் அதிகம் சேராது. அதே தொலைவில் இன்னும் நுண்ணிய விவரம் வேண்டுவோர் துளையைப் பெரிதாக்க வேண்டும், அதாவது ஜெர்மானியத்தால் ஆன இன்னும் பெரிய லென்சை வாங்க வேண்டும், அல்லது அலைநீளத்தைக் குறைத்து 4 மைக்ரோமீட்டர் சாளரத்துக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் போக வேண்டும்.